நமக்கு என்னும் சொல்: தரங்கம்பாடி முதல் தீவுகள் வரை திருவருகைக் காலப் பிரசங்கம்



அந்தமான் தீவுகளின் தலைநகராகிய போர்ட் பிளேயர் 2024ஆம் ஆண்டு முதல் ஸ்ரீ விஜயபுரம் என வழங்கி வருகிறது. அந்நகரின் சாத்தம் துறையிலிருந்து படகேறித் துறைமுகத்தின் குறுக்கே சென்றால் எதிர்க்கரையில் நாம் இறங்கும் ஊர் பாம்பூஃப்ளாட். அதன் அருகிலுள்ள ஹோப்டவுன் துறையிலேதான் 1872ஆம் ஆண்டு பிப்ரவரி 8ஆம் நாள் இந்திய வைசிராய் மேயோ பிரபு கொலையுண்டார். அந்நாளில் கைதிகளின் தீவாக இருந்த இந்நிலம் இன்று பல மொழியாளரின் குடியிருப்பாக விளங்குகிறது. மாப்பிளைமார் மலையாளமும், கிழக்கு வங்கத்தினின்று வந்தோர் வங்காளமும், ராஞ்சிப் பக்கத்தார் சாத்ரியும், ஆந்திரர் தெலுங்கும், நம்மவர் தமிழும் வீட்டினுள் பேசுவர். வீதிக்கு வந்தால் எல்லாரும் இந்தி பேசுவர்.

இத்தகைய ஓர் ஊரிலே டிசம்பர் மாதம் பிறந்து, கிறிஸ்தவ இல்லங்களின் வாயிலில் நட்சத்திர விளக்குகள் தொங்கத் தொடங்கியதும், தமிழ்க் குடும்பங்களிடையே ஒரு கேள்வி எழுவது இயல்பு. கிறிஸ்து பிறப்பின் செய்தியை நம் பிள்ளைகள் எம்மொழியில் கேட்க வேண்டும்? தாத்தாவின் செவிக்குத் தமிழ் இனிக்கிறது. பேரனுக்கோ பள்ளியில் படித்த இந்தியே எளிதாயிருக்கிறது. தில்லியிலும் மும்பையிலும் கல்கத்தாவிலும் வாழும் தமிழர்க்கும், அவர் எம்மதத்தவராயினும், இக்கேள்வி புதியதன்று. இதற்கு விடை தேடுவோர்க்கு லுத்தரன் திருச்சபையின் முந்நூறாண்டுத் தமிழ்ப் பிரசங்க வரலாறு பெரிதும் துணை செய்யும். அவ்வரலாற்றையே இன்று காண்போம்.

முதலில், திருவருகைக் காலம் என்பது யாது எனக் கூறுதல் வேண்டும். கிறிஸ்துமஸ் பண்டிகைக்கு முன்வரும் நான்கு ஞாயிற்றுக்கிழமைகளை உள்ளடக்கிய காலமே அது. ஆங்கிலத்தில் அட்வென்ட் என்பர். திருச்சபையின் ஆண்டுக்கணக்கு ஜனவரியில் தொடங்குவதில்லை. திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிற்றிலேயே தொடங்குகிறது. ஆகவே பிரசங்கபீடம் புத்தாண்டில் பேசும் முதற்பொருள் காத்திருத்தல் என்பதாம். லுத்தரன் சபையார் பழைய பாட அட்டவணையை நெடுங்காலம் விடாது போற்றினர். அதன்படி முதல் ஞாயிற்றில் இயேசு எருசலேமுக்குள் கழுதைமேல் ஏறிவந்த செய்தியும், இரண்டாம் ஞாயிற்றில் இறுதிநாளின் அடையாளங்களும், மூன்றாம் ஞாயிற்றில் சிறையிலிருந்த யோவான் தம் சீடரை அனுப்பிக் கேட்ட ஐயமும், நான்காம் ஞாயிற்றில் அதே யோவானின் சாட்சியும் படிக்கப்படும். முதல் ஞாயிற்றுக்குரிய நிருபப் பாடமோ உறக்கம் விட்டெழும் வேளை வந்தது என்னும் பொருள் பற்றியது. மார்கழி வைகறையில் துயிலெழுப்பும் பாட்டைக் கேட்டு வளர்ந்த தமிழர்க்கு இந்த அழைப்பு அயலாகத் தோன்றியிராது.

இக்காலப் பிரசங்கத்துக்குத் தனியொரு வடிவம் தந்தவர் மார்ட்டின் லுத்தர். 1521ஆம் ஆண்டில் வோர்ம்ஸ் நகர மன்றத்தின் முன் தம் கொள்கையை விட்டுக்கொடுக்க மறுத்த அவர், பகைவர் கைக்குத் தப்பி வார்ட்பர்க் கோட்டையில் மறைந்திருந்தார். பிரசங்கம் செய்ய மேடையில்லை, ஆதலின் எழுதினார். எளிய ஊர்க்குருமார் எடுத்துப் படிக்கத்தக்க கிறிஸ்துமஸ் பிரசங்கங்களை அங்கே அவர் ஜெர்மன் மொழியில் இயற்றினார். அவை 1522இல் அச்சாயின. அதே டிசம்பரில், அதாவது திருவருகைக் காலத்திலேயே, புதிய ஏற்பாட்டை ஜெர்மன் மொழியில் பெயர்க்கவும் தொடங்கினார். 1522 செப்டம்பரில் அதுவும் வெளிவந்தது. பிரசங்கமும் மொழிபெயர்ப்பும் ஒரே அறையில், ஒரே குளிர்காலத்தில் இரட்டைப் பிள்ளைகளாய்ப் பிறந்தன எனலாம்.

அப்பிரசங்கங்களின் சாரம் இரண்டு கருத்துக்களில் அடங்கும். பெத்லகேமில் ஒரு குழந்தை பிறந்தது என்று அறிந்திருப்பது மட்டும் விசுவாசம் ஆகாது; அத்தகைய அறிவு தீயோர்க்கும் உண்டு. அக்குழந்தை எனக்காகப் பிறந்தது என்று உள்ளத்தில் ஏற்பதே விசுவாசம். தேவதூதன் மேய்ப்பரை நோக்கி உங்களுக்கு என்று கூறிய அந்த ஒரு சொல்லிலேயே லுத்தர் தம் கருத்தையெல்லாம் ஊன்றினார். இஃது ஒன்று. மற்றொன்று, நாம் அங்கிருந்தால் அக்குழந்தைக்கு எத்துணைப் பணிவிடை செய்திருப்போம் என்று பேசுவோரைப் பார்த்து, உன் அயலானிடத்தில் அதே குழந்தை இன்று இருக்கிறது, அவனுக்குச் செய் என்று அவர் இடித்துரைத்ததாம். விசுவாசம் செவியின் வழியே பிறப்பது என்று பவுல் அப்போஸ்தலர் கருதினார். அங்ஙனமாயின் கேட்பவனுக்கு விளங்கும் மொழியிலன்றோ சொல்ல வேண்டும்? லுத்தரன் சபையார் சென்ற தேசமெங்கும் முதலில் அவ்வூர் மொழியைக் கற்க முயன்றதன் காரணம் இதுவேயாம்.

1705ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில், திருவருகைக் காலம் தொடங்கும் நாள்களில், கோபன்ஹேகன் துறையிலிருந்து ஒரு கப்பல் புறப்பட்டது. டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடெரிக் அனுப்பிய பர்த்தலோமேயு சீகன்பால்கு, ஹைன்ரிக் புளுட்சோ என்னும் இரு ஜெர்மானிய இளைஞர் அதில் இருந்தனர். 1706 ஜூலை 9ஆம் நாள் அவர்கள் தரங்கம்பாடி சேர்ந்தனர். 1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கருடன் செய்த உடன்படிக்கையின்படி டேனியர் பெற்ற சிறு துறைமுகம் அது. அப்போது சீகன்பால்குக்கு வயது 23. 24ஆம் வயது மறுநாள்தான் நிறைந்தது. அவர் திண்ணைப் பள்ளியில் சிறுவரோடு சிறுவராய் அமர்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார். கற்றது எழுத்தோடு நின்றுவிடவில்லை. தமிழ் நூல்களைத் தேடிச் சேர்த்தார். தமக்கு முன்வந்த கத்தோலிக்கக் குருமார் ஆக்கிய சமயச் சொற்களையும் அவர்தம் ஏடுகளிலிருந்து எடுத்துக்கொண்டார். லுத்தரின் சிறிய ஞானோபதேசத்தைத் தமிழாக்கினார். புதிய ஏற்பாட்டை மூலக் கிரேக்கத்திலிருந்து பெயர்த்து, தரங்கம்பாடி அச்சகத்தில் 1714, 1715ஆம் ஆண்டுகளில் அச்சிடுவித்தார்.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நம் கண்ணுக்கு இங்கு ஒரு நுட்பம் புலப்படுகிறது. ஜெர்மன் மொழியிலும் டேனிய மொழியிலும் கேட்போனை உள்ளடக்கும் தன்மைப் பன்மைக்கும் உள்ளடக்காத தன்மைப் பன்மைக்கும் ஒரே சொல்தான். தமிழிலோ இரண்டு உண்டு. எங்களுக்குப் பிறந்தார் என்றால் கேட்பவன் வெளியே நிற்கிறான். நமக்குப் பிறந்தார் என்றால் அவனும் உள்ளே வந்துவிடுகிறான். கடல் கடந்து வந்த பிரசங்கி ஒருவர், கோட்டைக் கொடியின் நிழலில் நின்று, அந்நியராகிய தம்மையும் எதிரே நிற்கும் உழவரையும் வேலையாளரையும் சேர்த்து நமக்கு என்று சொல்லத் துணிய வேண்டியிருந்தது. ஐரோப்பாவில் இலக்கணம் அவரை இக்கேள்வி கேட்கவே இல்லை, தமிழ் கேட்டது. இன்று கிறிஸ்துமஸ் காலத்தில் படிக்கப்படும் ஏசாயா தீர்க்கதரிசியின் தமிழ்ப் பாடத்தில் நமக்கு என்ற சொல்லே நிற்கிறது. லுத்தர் பல பக்கங்களில் விளக்க முயன்றதைத் தமிழ் ஒரு சொல்லிலேயே கொண்டிருந்தது என்றால் மிகையாகாது.

ஆயினும் அச்சொல்லைச் சொல்வது எளிதாக இருக்கவில்லை. டேனிய ஆளுநர் ஹாசியஸ் என்பார் மிஷனரிகள் மீது பகைகொண்டு, 1708 நவம்பரில் சீகன்பால்கைச் சிறையிட்டார். ஏறத்தாழ நான்கு திங்கள் அவர் கோட்டைக்குள் அடைபட்டிருந்தார். அவ்வாண்டின் திருவருகைக் காலமும் கிறிஸ்துமஸும் அச்சிறையிலேயே கழிந்தன. யோவான் சிறையிலிருந்து ஐயம் கேட்ட பாடம் படிக்கப்படும் மூன்றாம் ஞாயிறு வந்தபோது, அதைத் தமிழில் விளக்க வேண்டியவரே சிறைக்குள் இருந்தார். காத்திருத்தலைப் பற்றிப் பிரசங்கம் கேட்க வேண்டிய சபை, அவ்வாண்டில் காத்திருத்தலையே பிரசங்கமாகப் பெற்றது.

1718 அக்டோபர் 11ஆம் நாள் தரங்கம்பாடியில் புதிய எருசலேம் ஆலயம் பிரதிஷ்டை செய்யப்பட்டது. நான்கு மாதங்களுக்குப்பின், 1719 பிப்ரவரி 23ஆம் நாள், சீகன்பால்கு தம் 36ஆம் வயதில் மறைந்து அவ்வாலயத்திலேயே அடக்கம் செய்யப்பெற்றார். எனினும் தமிழ்ப் பிரசங்கம் தமிழர் வாயிலிருந்தே வர இன்னும் சில ஆண்டுகள் செல்ல வேண்டியிருந்தது. கடலூரில் பிறந்து, ஆசிரியராகவும் உபதேசியாராகவும் பணிசெய்த ஆரோன் என்பார் 1733ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள் குருவாக அபிஷேகம் பெற்றார். கிறிஸ்துமஸ் கழிந்த மூன்றாம் நாள் அது. இந்தியரில் முதல் புராட்டஸ்டன்ட் குரு அவரே. ஐரோப்பியர் தடையின்றி நுழையவியலாத தஞ்சை அரசின் ஊர்களில் ஆரோனும் ஏனைய உபதேசியார்களும் நடந்து சென்று பேசினர். நமக்கு என்ற சொல்லைத் துணிந்து சொல்ல வேண்டிய நிலை அவர்க்கில்லை. அவர் வாயில் அஃது இயல்பாகவே வந்திருக்கும்.

பின்வந்தோரில் பப்ரிசியுஸ் சென்னை வேப்பேரியில் இருந்து வேதாகமத்தைப் புதிதாக மொழிபெயர்த்தார். ஜெர்மானிய ஞானப்பாட்டுக்களையும் தமிழாக்கினார். அவர் தமிழ் நடையை லுத்தரன் சபையார் தலைமுறை தலைமுறையாகப் போற்றினர். சுவார்ட்ஸ் ஐயரின் அன்புக்குரியவராகத் தஞ்சையில் வாழ்ந்த வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) பெத்லகேம் குறவஞ்சி பாடினார். பெத்லகேம் என்னும் ஊர்ப்பெயர், குறத்தி குறிசொல்லும் தமிழ்க் கூத்து வடிவத்தினுள் புகுந்தது. பிரசங்கம் சொல்ல முயன்றதைப் பாட்டு இன்னும் எளிதாக நாவில் ஏற்றிற்று.

இவ்விடத்தில் வரலாற்றின் நிழற்பக்கத்தையும் மறைத்தல் தகாது. பிரசங்கபீடத்தில் நமக்கு என்ற சொல் முழங்கியபோதும், கீழே அமர்ந்திருந்தோர் ஒரே கூட்டமாக அமரவில்லை. சாதி வேறுபாட்டின்படி இருக்கைகள் பிரிந்திருந்தன. சாஸ்திரியார் போன்ற பெரும்புலவரும் அவ்வேறுபாட்டுக்குச் சார்பாக வாதாடினர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தரங்கம்பாடிப் பணியை ஏற்ற லைப்சிக் மிஷன் சாதி வழக்கத்தைக் கடிந்து ஒழிக்காது பொறுத்துக்கொண்டது. அதனை ஏற்காத கார்ல் ஓக்ஸ் என்னும் குரு அம்மிஷனை விட்டு விலகினார். அயலானிடத்தில் அக்குழந்தை இருக்கிறது என்ற லுத்தரின் இரண்டாம் கருத்து இங்கே சோதனைக்குள்ளாயிற்று. பல காலம் தோல்வியும் கண்டது. இலக்கணத்தில் இருக்கும் நாம், இருக்கையில் இல்லாவிடின் அப்பிரசங்கம் அரைகுறையே ஆகும். இதனைக் கூறாமல் பெருமையை மட்டும் கூறின் அது வரலாறு ஆகாது.

இனி, தீவுகளுக்கு வருவோம். தரங்கம்பாடிக்கும் இத்தீவுகளுக்கும் உள்ள தொடர்பு பலர் அறியாதது. 1756இல் டேனியர் நிக்கோபார்த் தீவுகளைத் தமதெனப் பிரகடனம் செய்து, அவற்றைத் தரங்கம்பாடியிலிருந்தே ஆள முயன்றனர். ஜெர்மானிய மொரேவிய சகோதரர் 1760இல் தரங்கம்பாடிக்கு வந்து, 1768இல் நான்கௌரித் தீவில் குடியேறினர். இவர்கள் தனிச் சபையாராயினும் லுத்தரன் பக்தி இயக்கத்தின் வழிவந்தோரே. காய்ச்சல் ஒருவர்பின் ஒருவராக அவர்களைக் கொண்டுபோயிற்று. அத்தீவின் மொழியும் அவர்களுக்குக் கைவரவில்லை. 1787இல் அப்பணி முடிவுற்றது. பின்னர் ரோசன் என்னும் டேனிய லுத்தரன் குரு 1831 முதல் 1834 வரை கமோர்ட்டாவில் முயன்றார், அதுவும் நிலைக்கவில்லை. 1845இல் தரங்கம்பாடியையும் 1868இல் நிக்கோபாரையும் டேனியர் ஆங்கிலேயரிடம் விட்டு நீங்கினர்.

தரங்கம்பாடியில் வேரூன்றியது நான்கௌரியில் ஏன் வேரூன்றவில்லை? நோய் ஒரு காரணம். மொழி மற்றொரு காரணம். தரங்கம்பாடியில் மணலில் எழுதிக் கற்பிக்கத் திண்ணையும் ஆசிரியரும் இருந்தனர். நான்கௌரியில் எழுத்தே இல்லாத ஒரு மொழியை, காய்ச்சலில் கிடந்தபடியே கற்க வேண்டியிருந்தது. மக்களின் சொல் வாயில் வராதபோது, எத்துணைத் தியாகமும் பிரசங்கம் ஆகவில்லை.

நிக்கோபாரியர் மொழியில் அச்செய்தி பேசப்பட்டது பின்னாளிலே. அதனைத் தொடங்கியவரும் ஒரு தமிழரே என்பது நாம் அறிந்து மகிழத்தக்கது. சென்னை மாகாணத்திலிருந்து சென்ற வேதப்பன் சாலமோன் என்னும் உபதேசியார் 1890களில் கார் நிக்கோபாரில் பள்ளி நடத்தினார். அவர் லுத்தரன் சபையினரல்லர், ஆங்கிலிக்கன் சபையினர். அவர் மாணவராகிய ஜான் ரிச்சர்ட்சன் என்னும் நிக்கோபாரியர் புதிய ஏற்பாட்டைத் தம் தாய்மொழியில் பெயர்த்தார். பிற்காலத்தில் பேராயரும் ஆனார். 1952இல் முதல் மக்களவையிலும் நியமன உறுப்பினராக அமர்ந்தார். தமிழர் ஒருவர் தம் மொழியைத் தீவினர்மேல் சுமத்தாது, தீவினர் மொழிக்கு வழிவிட்டமையே அங்குக் கனிதந்தது.

அந்தமானிலோ லுத்தரன் விசுவாசம் வேறு வழியில் வந்து சேர்ந்தது. சோட்டாநாகபுரிப் பகுதியில் ஜெர்மானியக் கோஸ்னர் மிஷன் 1845இல் பணி தொடங்கியது. அதன் பயனாக முண்டா, உராவ் முதலிய பழங்குடியினர் பலர் லுத்தரன் சபையிற் சேர்ந்தனர். 1918 முதல் அந்தமான் காடுகளில் மரம் வெட்டும் வேலைக்கு ராஞ்சிப் பகுதியிலிருந்து கூலியாட்கள் கொண்டுவரப்பட்டபோது, அவர்களோடு அச்சபையின் ஞானோபதேசமும் பாட்டும் வந்தன. மறு ஆண்டாகிய 1919, இந்திய லுத்தரன் வரலாற்றில் குறிப்பிடத்தக்கதாகும். அவ்வாண்டு ஜனவரி 14ஆம் நாள், பொங்கல் திருநாளையொட்டி, தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை அமைந்தது. ஜூலையில் கோஸ்னர் சபையும் தன்னாட்சி பெற்றது. தமிழ்ச் சபைக்கு முதல் இந்தியப் பேராயராக இராஜபூஷணம் மாணிக்கம் 1956இல் பொறுப்பேற்றார். தமிழ் பேசும் லுத்தரனும் சாத்ரி பேசும் லுத்தரனும் ஒரே ஞானோபதேசத்தை இரு மொழிகளில் கற்றவர். அவர்கள் அந்தமானில் சந்திக்கும்போது பேசிக்கொள்வது இந்தியில்.

இவ்வரலாற்றில் இடம்பெற்ற இரு கரைகளையும் ஒரே நாளில் தாக்கிய துயரம் ஒன்றையும் சொல்லாது விடலாகாது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. லுத்தரன் வழக்கில் அது கிறிஸ்துமஸின் இரண்டாம் திருநாள். கார் நிக்கோபாரில் பண்டிகைக் கொண்டாட்டம் முடிந்த மறுகாலை. தரங்கம்பாடி மீனவர் குப்பத்தில் விடுமுறைக் காலை. ஆழிப்பேரலை இரண்டு இடங்களையும் வாரிச் சென்றது. நிக்கோபார்த் தீவுகளில் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். தெற்கு அந்தமானில் நிலமே தாழ்ந்து, சிப்பிகாட் போன்ற வயற்புறங்களில் கடல்நீர் நிலைத்து நின்றது. முதல்நாள் மகிழ்ச்சிச் செய்தி கூறிய குருமார் மறுவாரம் என்ன கூறுவர்? அந்நாளில் சொல்லத்தக்க பிரசங்கம் லுத்தரின் இரண்டாம் கருத்தேயன்றி வேறில்லை: அயலானிடம் போ. கோயிலென்றும் பள்ளிவாசலென்றும் ஆலயமென்றும் பாராது மக்கள் ஒருவரையொருவர் ஏந்திக்கொண்டனர். நமக்கு என்னும் சொல்லின் எல்லை, இருக்கைகளின் எல்லையைக் கடந்து விரிந்த நாள்கள் அவை.

திருவருகைக் காலத்தில் ஆலயங்களில் ஞாயிறுதோறும் ஒன்றாக ஏற்றப்படும் மெழுகுவர்த்தி வளையத்தைப் பலர் பார்த்திருப்பர். அது பழமையானதன்று. 1839இல் ஹாம்பர்க் நகரில் ஏழைச் சிறுவர்க்கு இல்லம் நடத்திய விக்கர்ன் என்னும் லுத்தரன் ஊழியர், கிறிஸ்துமஸ் வந்துவிட்டதா என்று நாளும் கேட்ட பிள்ளைகளுக்காக ஒரு வண்டிச் சக்கரத்தில் விளக்கேற்றி நாளெண்ணக் கற்பித்தார். சீகன்பால்கு அதனைக் கண்டதில்லை. அவர்க்கிருந்தது சொல் மட்டுமே. விளக்கை எந்த ஊரிலும் ஏற்றலாம், எவரும் காணலாம். சொல்லுக்கோ கேட்பவன் அறிந்த மொழி வேண்டும்.

ஆதலின், நாம் முதலில் எழுப்பிய கேள்விக்கு இவ்வரலாறு தரும் விடை இருபுறமும் கூர்மையானது. கேட்பவனுக்கு விளங்கும் மொழியே பிரசங்க மொழி என்பது லுத்தரன் நெறியின் அடிப்படை. அந்நெறியின்படி, பேரனுக்குத் தமிழ் விளங்கவில்லையெனில், தாத்தாவின் மனநிறைவுக்காக மட்டும் தமிழில் பேசுவது முறையாகாது. பிள்ளைக்கு இந்தியில் சொல்லுவதே சீகன்பால்கு காட்டிய வழி. ஆனால் அதே வரலாறு மற்றொன்றையும் கூறுகிறது. ஒரு ஜெர்மானிய இளைஞர் மணலில் விரல் வைத்துக் கற்ற மொழியை, நம் வீட்டுப் பிள்ளை கற்க இயலாது என்று நாம் கைவிடுவது எவ்வாறு பொருந்தும்? இந்தியிலும் ஆங்கிலத்திலும் நாம், நாங்கள் என்ற வேறுபாடு இல்லை. தமிழை இழக்கும் பிள்ளை ஒரு மொழியை மட்டும் இழப்பதில்லை; அயலானை உள்ளே அழைக்கும் ஒரு சொல்லையும் இழக்கிறது.

வெளிமாநிலங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் இதற்கென்று பெரிய ஏற்பாடு எதுவும் செய்ய வேண்டுவதில்லை. திருவருகைக் காலத்தின் நான்கு வாரங்களில், வாரத்துக்கு ஒரு மாலையேனும், வீட்டின் இளையவர் ஒருவர் கிறிஸ்து பிறப்பின் வரலாற்றைத் தமிழில் உரக்கப் படிக்கட்டும். பிழை நேர்ந்தால் மூத்தவர் திருத்தட்டும். கிறிஸ்தவரல்லாத இல்லங்களில் மார்கழிப் பாட்டோ, திருக்குறளோ, நபிகள் நாயகத்தின் வரலாறோ படிக்கப்படட்டும். அண்டை வீட்டார் வேற்றுமொழியாளராயின் அவர்க்கு அதன் பொருளை இந்தியில் சொல்லட்டும். இவ்விரண்டும் சேர்ந்து நடைபெறும் வீட்டில் தமிழும் நிலைக்கும். நமக்கு என்ற சொல்லும் பொருளுடையதாக வாழும்.